கேன்டீன் எண்ணெயில் ஓடிய மாவு மிஷின்

என் அருமை மச்சான் ஜெபராஜு,

நீ போய் இன்றோடு ஒரு வருஷம். நம் கேஜிஎஃப்பில், கோரமண்டலில் உன் வீட்டில்தான் நினைவு ஜெபம். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசவேண்டும் என்று உன் அக்கா எஸ்தர் சொல்லிவிட்டாள். எனக்கு எழுந்து நின்று பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதிவைத்துப் படிக்கிறேன். நீ கேட்கிறாயோ இல்லையோ, பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கட்டும்.

முதலில் நல்ல செய்தி. உன் பெண்டாட்டி ரூத்தின் மாவு மிஷின் நன்றாக ஓடுகிறது. பங்கில் இப்போது டீசல் கிடைக்கிறது. பெல்ட்டைப் புதிதாக மாற்றியிருக்கிறோம். இஞ்சின் கிளம்பும்போது ரெண்டு தடவை முக்கும், அப்போதெல்லாம் நீ உள்ளே இருமுகிறாயோ என்று திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

என் புத்தியை நீ அறிவாய். இருபது வருஷமாகத் தங்கச் சுரங்கத்து மைன் கேட்டில் வாட்ச்மேன். ஷிப்ட் முடிந்து வருகிறவனை வாயைத் திற என்பேன், தலைமுடியை உதறு என்பேன். ஒருவன் பைபிளைக் கொண்டுபோனாலும் அட்டையைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவேன். தங்கம் கலந்த கல் ஒரு துண்டு வெளியே போனாலும் என் வேலை போய்விடும். வீட்டிலும் அதே புத்திதான். குழம்பில் கறித்துண்டு குறைந்தால் எஸ்தரைத்தான் முறைப்பேன், பூனை தப்பித்துக்கொள்ளும்.

ஆனாலும் உன்னைச் சந்தேகப்பட நீயேதான் காரணம் கொடுத்தாய், மச்சான். கீழே சுரங்க லெவலில் வேலை பார்த்து நெஞ்சில் தூசி படிந்துபோனதால், மேலே கேன்டீனுக்கு மாற்றப்பட்டவன் நீ. வீட்டுக்குத் துணையாக இருந்தது ரூத்தின் மிஷின். அரபு நாட்டுச் சண்டையில் எண்ணெய் இல்லை என்றார்கள், டீசல் கிடைக்கவில்லை, மிஷின் நின்றது. அப்போதுதான் நீ ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் ஒரு டின்னோடு என் கேட்டுக்கு வர ஆரம்பித்தாய்.

"இன்னாடா இது?" என்று கேட்டேன்.

"போண்டா சுட்ட எண்ணெய் மாமா. வீட்ல இதைக் காய்ச்சி டீசல் மாதிரி பண்ணப்போறேன்."

போண்டா எண்ணெயில் டீசலா? என் காதில் பூ சுற்றுகிறாய் என்று நினைத்தேன். உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று விசாரித்தபோது இன்னும் பகீரென்றது. கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கிற ஆபீசில் வேலை செய்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர். கேன்டீன்காரனுக்கும் அவருக்கும் என்ன பேச்சு? நீ காஸ்டிக் சோடா வாங்கினாய், ஸ்பிரிட் வாங்கினாய். நம் ஊரில் ஒருவன் வீட்டில் எதையாவது காய்ச்சினால் ஒன்று சாராயம் என்பார்கள், இல்லாவிட்டால் தங்கம் என்பார்கள். நீ சாராயத்தைத் தொடாதவன். அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேவு பார்க்கத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். காபி குடிக்க வந்தேன் என்று நீ நினைத்தாய். எண்ணெயை வடிகட்டி, தண்ணீர் போகிறவரை காய்ச்சி ஆறவைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த காஸ்டிக்கை ஊற்றிக் கலக்குவதாகச் சொன்னாய். முதல் தடவை மொத்தமும் சோப்பாக உறைந்துபோனதையும், ரூத் அதைப் போட்டுத் துணி துவைத்ததையும் சொல்லிச் சிரித்தாய். பிறகு ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினாய். மேலே தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. அடியில் கறுப்பாக, கெட்டியாக ஒன்று நின்றது.

"மேல இருக்கறதைக் கழுவி மிஷினுக்கு ஊத்துவேன் மாமா. அடியில நிக்கறது கசடு, வேலைக்கு ஆகாது."

அடியில் நிற்பது வேலைக்கு ஆகாதாம். இதை ஒரு கேஜிஎஃப்காரனிடம் சொல்கிறாய். இந்த ஊரில் கல்லை அரைத்துத் தண்ணீரில் அலசினால் கனமானதுதான் அடியில் நிற்கும், அதுதான் சரக்கு. மேலே வருவதைத்தான் கொட்டுவார்கள். நீ இருமிக்கொண்டே வெளியே போன நேரத்தில், அந்தக் கசடில் கொஞ்சத்தை ஒரு மருந்து பாட்டிலில் ஊற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆமாம், திருடினேன்.

வீட்டுக்கு வந்து எஸ்தரின் இரும்புச் சட்டியில் அதைப் போட்டு வறுத்தேன். புகை கிளம்பிக் கண்ணைப் பிடுங்கியது. எஸ்தர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இன்னா கருமம் இது, ஊட்ல?"

"இருமலுக்கு மருந்து."

சட்டியில் கரி ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒரு மினுக்கு இல்லை. அதோடு என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும், இல்லையா? தீரவில்லை. நான் வருவேன் என்று தெரிந்து தங்கத்தை முன்னாலேயே எடுத்துவிட்டான் என்று நினைத்தேன். உன் எண்ணெயில் மிஷின் ஓடி, தெருவே பார்க்க மாவு கொட்டியபோதும், எங்கேயோ டீசலை ஒளித்துவைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் ஆபீசருக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. கேன்டீன் ஜெபராஜ் எண்ணெய் டின்னுக்குள் தங்கக் கல் கடத்துகிறான் என்று எழுதியிருந்தது. ஆபீசர் அந்தச் சனிக்கிழமையே கேட்டுக்கு வந்துவிட்டார். உன் டின்னைக் கவிழ்த்துச் சல்லடையில் வடிகட்டினார்கள். கருகிய போண்டாத் தூள்தான் இருந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"எட்டு மாசமா இந்த டின் வெளிய போகுது. ஒரு தடவையாவது கையை விட்டுப் பார்த்தியா?"

ஊரார் தலைமுடியையெல்லாம் உதறவைத்தவன், உன் டின்னை ஒரு தடவைகூடத் தொடவில்லை. உள்ளே ஏதாவது கிடைத்துவிட்டால் எஸ்தரின் தம்பியை நானே பிடித்துக்கொடுக்க வேண்டுமே. அதற்குத் தைரியம் இல்லை. தேடவில்லை என்று சொன்னால் அன்றோடு என் வேலை போயிருக்கும்.

நீ குறுக்கே பேசினாய். "வாராவாரம் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவுவாரு சார். எண்ணெய்ல பாதி அவரு கையிலயே போயிடுது."

ஆபீசர் சிரித்துவிட்டார். என் வேலை தப்பியது. ஆனால் புகார் என்று வந்த பிறகு எண்ணெய் வெளியே போகக்கூடாது என்று உன் அனுமதியை நிறுத்திவிட்டார்கள். மிஷின் மறுபடி நின்றது. ராபர்ட்சன்பேட்டை பங்கில், வெயிலில், கேனை வைத்துக்கொண்டு நீ வரிசையில் நின்று இருமியதை ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் வேறு தெருவில் திரும்பிவிட்டேன். உன் சாவுக்குக் காரணம் நெஞ்சுத் தூசி என்று டாக்டர் சொன்னார். அது மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

கடிதாசி எழுதியவன் கேன்டீன் சமையல்காரன் அந்தோணிதான் என்று நம் சனம் முடிவு கட்டிவிட்டது. அந்த எண்ணெயை அவனும் கேட்டிருந்தானாம், உனக்குக் கொடுத்துவிட்டார்களாம், அந்தப் பொறாமையாம். ரூத் அவன் வீட்டு ராகியை அரைப்பதில்லை. அவன் பெண்டாட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்கு பஸ் ஏறுகிறாள். உன் அடக்கத்துக்கு வந்தவனை ஒருவரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போனான். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்தக் கடிதாசியை எழுதியது அந்தோணி இல்லை, மச்சான். நான்தான். இடது கையால் எழுதி, பங்காருப்பேட்டைக்குப் போய்த் தபாலில் போட்டேன். நான் செய்யப் பயந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும் என்று நினைத்தேன்.

உனக்கு அது தெரியுமா? விசாரணை முடிந்து போகும்போது என் பக்கம் வந்து, "மூஞ்சி வெளுத்துப்போச்சு மாமா, ஊட்டுக்குப் போய் சோறு துண்ணுங்க" என்றாய். அவ்வளவுதான். அந்தச் சொல்லை ஒரு வருஷத்துக்கு மேலாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். தெரியாமல் காப்பாற்றினாய் என்றால் எப்படியோ தாங்கிக்கொள்வேன். தெரிந்தே காப்பாற்றினாயா?

எஸ்தர், நீ இப்போது என்னைப் பார்க்காதே, கடைசி வரை படித்துவிடுகிறேன். இது ஆபீஸ் வரைக்கும் போகும். போகட்டும்.

மச்சான், நாளைக் காலையில் அந்தோணி வீட்டு ராகி மூட்டையை என் தோளில் சுமந்துவந்து ரூத்தின் மிஷின் முன்னால் வைப்பேன். அவள் அரைக்கிறவரை அங்கேயே நிற்பேன். அந்தோணியை இன்றைக்கு ஜெபத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்திருந்தால் வெளியே வேலியோரம்தான் நின்றுகொண்டிருப்பான். ரூத், நீ போய் அவனை உள்ளே கூப்பிடு. பாயில் அவன் உட்கார என் இடத்தை விட்டுவிட்டு நான் வெளியே போய் நிற்கிறேன்.

உன் அக்காளைக் கட்டிய,
உன் டின்னில் ஒரு நாளும் கை விடாத மாமா,
ஆபிரகாம்