ஐம்பத்தொன்றா, ஐம்பத்து நான்கா

நவம்பர் 12, புதன்

ஐம்பத்தொன்றா, ஐம்பத்து நான்கா? தெரியவில்லை. இரண்டு வாரம் படித்தும் தெரியவில்லை.

விடியலிலிருந்து தூறல். நீச்சல் குளத்தை மூடிவிட்டார்கள். பெண்கள் நேரம் இன்றும் போச்சு.

டிரையத்லான் சைக்கிள். ஃபிரேம் அளவு. சென்னைக் கடையில் இந்த இரண்டு அளவுதான் இருப்பு. ஏறிப் பார்த்து வாங்கப் பெரம்பலூரிலும் வழியில்லை, அரியலூரிலும் இல்லை. வெள்ளிக்குள் சொல்ல வேண்டும். அனுப்பிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

போட்டி டிசம்பர் கடைசி ஞாயிறு. நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடி முடிக்க வேண்டும். பெயர் கொடுத்தது வீட்டில் இவருக்கு மட்டும் தெரியும். முட்டி தேய்ந்துகொண்டு வருகிறது, அடுத்த வருடம் ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இந்த ஒரு முறைதான்.

உயரம் 163. அட்டவணைப்படி 51. கடைக்காரர் போனில்: "உயரத்த விடுங்க மேடம். உள்கால் அளவு சொல்லுங்க. கவட்டையிலேர்ந்து தரை வரைக்கும்."

சர்வசாதாரணமாகச் சொன்னார். நான் அரியலூர் பஸ்ஸில், பக்கத்தில் ஆள். சரி என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

குளியலறைச் சுவர், தொடை நடுவே தடித்த புத்தகம், பென்சில் கோடு. மூன்று முறை. 74, 77, 75. எங்கள் மண் பரிசோதனைக்கூடத்தில் இப்படி வந்தால் மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடுவேன். இவரை டேப் பிடிக்கச் சொல்லலாம். சிரிப்பார்.

மாலை, தையல் கடை ஷகிலா. என் ரவிக்கை, சுடிதார் எல்லாம் அவள்தான். உள்கால் மட்டும் எடு என்றேன்.

"பேண்ட்டாக்கா? துணி எங்க?"

"அப்புறம்."

நொடியில் எடுத்தாள். முப்பத்தொன்றரை அங்குலம். எண்பது சென்டிமீட்டர். பழகின கை, என் பென்சில் கோட்டைவிட நம்பலாம்.

எண்பது என்றால் 54. கடைக்காரரும் அதையே சொன்னார். "நீளக் கால் மேடம் உங்களுக்கு."

இதுவரை யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் சந்தோஷம். எழுதவே கூச்சம்.

54 என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை. சாலையெங்கும் சிமென்ட் லாரி வாரி இறைத்த சகதி.

செல்வி என் போனில் சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டாள். ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசை, செந்துறையிலிருந்து வருகிறவள். "யாருக்குங்கக்கா?"

தெரிந்தவர்களுக்கு என்றேன்.

"பாரு எம்மாம் ஒசரம். கால் எட்டலன்னா கம்பிக்கு அடியில கால விட்டு குரங்குப் பெடல்தான்."

அவள் சிரித்தாள். நானும்.

நவம்பர் 17, திங்கள்

பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போது ஷகிலா கடையிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, அந்தப் பேண்ட் துணி எப்பக் குடுக்குறீங்க?"

பேண்ட் தைக்கவில்லை, அளவுதான் வேண்டியிருந்தது என்றேன்.

"அப்ப ரெண்டு இஞ்ச் கழிச்சுக்கங்க. மடிச்சுத் தைக்கணும்ல. தண்ணி பட்டா சுருங்கும் வேற. நான் எப்பவும் சேத்துதான் சொல்லுவேன்."

துணி சுருங்கும். சைக்கிள் சுருங்காது.

இருபத்தொன்பதரை. எழுபத்தைந்து. 51.

கடைக்குப் போன். "சனிக்கிழமயே லாரி ஏறிடுச்சு மேடம். 51-உம் வித்துப்போச்சு. சீட்ட எறக்கிக்கலாம். போகப் போகப் பழகிடும்."

கல்யாணத்துக்கு முன்பும் என்னிடம் இதையே சொன்னார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். "ரெண்டு இஞ்ச்தானே. ஹீல்ஸ் போட்டுக்க." பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. பிறகு, "இதெல்லாம் எதுக்குன்னு மொதல்லயே கேட்டேன்."

கேட்டார்தான்.

சீட்டை இறக்கினால் கால் எட்டலாம். கைப்பிடி கிட்டே வராது. முன்னால் கவிழ்ந்து, முழங்கை ஊன்றி ஓட்டுகிற வண்டி. நாற்பது கிலோமீட்டர். பத்தில் கழுத்து போய்விடும்.

நல்லெண்ணெய் தீர்ந்தது. மின் கட்டணம். நாளைக்கு வண்டி வருகிறது, லீவு சொல்லியாகிவிட்டது.

ஒருவேளை எட்டும். எட்டாது.

நவம்பர் 19, புதன்

வந்தது. கறுப்பு. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

இவர் பள்ளிக்கூடத்துக்கு மதியம் லீவு போட்டு வந்து பாகங்களைப் பூட்டித் தந்தார். சீட்டை அடி வரை இறக்கினார். கம்பிக்கு இருபுறமும் கால் போட்டு நிற்கவே நுனிக்கால் வேண்டியிருந்தது. ஏறினேன். முழங்கையை ஊன்றினால் பாதை தெரியவில்லை. பாதையைப் பார்த்தால் முழங்கை எட்டவில்லை. தெருமுனை வரை போனேன். நிறுத்தினேன், கால் தரைக்கு வரவில்லை, அப்படியே சாய்ந்தேன். அதே முட்டி.

எதிர்வீட்டம்மா, "பாத்துங்கம்மா, இந்த வயசுல."

இவர் ஓடிவந்து என்னைத் தூக்கினார், பிறகு வண்டியை. செயின் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று சீட்டை ஏற்றி, கைலியை மடித்துக்கட்டி ஏறிப் போனார்.

வாசல் படியில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டி வீங்கிக்கொண்டே வந்தது. அங்கிருந்தே போட்டி நடத்துகிறவர்களுக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: நன்றி.

இவர் திரும்பி வர நெடுநேரம் ஆனது. துறைமங்கலம் வரை போயிருக்கிறார். சட்டை நனைந்து, மூச்சு வாங்கி, முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.