பத்தொன்பது மில்லிமீட்டர்

போபோடி, புனே
12.10.1997

அன்புள்ள அண்ணிக்கு,

ஒன்றரை வருஷம் கழித்துத் திடீரென்று எழுதுவதற்கு மன்னியுங்கள். உங்கள் தம்பி பாலச்சந்திரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிக்க வந்தவள் நான். என் கையெழுத்தைப் பார்க்கவே உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

ஒரு சின்ன உதவி. காய்ந்த வேப்பம்பூ கால் கிலோ இருந்தால் அனுப்ப முடியுமா? இங்கேயும் வேம்பு உண்டு, ஆனால் பூக்கும் காலம் முடிந்துவிட்டது. முடியாவிட்டால் பரவாயில்லை. அண்ணன் சௌக்கியமா?

மீனாட்சி


போபோடி
30.11.1997

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் வந்தது. ஒரு வரியாவது எழுதியிருப்பீர்கள் என்று துணிப்பையை உதறி உதறிப் பார்த்தேன். பூ மட்டும்தான்.

எதற்கென்று அன்று நான் சொல்லவில்லை. பூப் பொறுக்கவா எம்.எஸ்சி. என்று அண்ணன் சிரிப்பாரே என்ற கூச்சம். நாம் சாப்பிடும் பூக்களுக்குக் கிருமியைத் தடுக்கும் சக்தியும், எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் காக்கும் குணமும் உண்டா என்று பார்ப்பதுதான் என் வேலை. கிருமி வளர்க்கும் தட்டில், பூச்சாற்றில் நனைத்த பொட்டளவு தாளை வைப்போம். சக்தி இருந்தால் தாளைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு வெற்று வட்டம் விழும். செம்பருத்திக்கு ஒன்பது மில்லிமீட்டர். வாழைப்பூவுக்குப் பதினொன்று. உங்கள் வேப்பம்பூவுக்குப் பத்தொன்பது! என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கானிட்கர் மேடம் என் பெயரையும் சேர்த்து ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பிவிட்டார்.

பகல் முழுக்க ஹிந்தியும் இங்கிலீஷும்தான். மில்லிமீட்டரை மட்டும் தமிழில் எண்ணிக்கொள்கிறேன். ரசத்துக்கு ஒரு கை பூ எடுக்க ஆசையாக இருந்தது. எடுக்கவில்லை.

மீனு


அருப்புக்கோட்டை
14.12.1997

மீனு,

உன் லெட்டரை உங்க அண்ணன் சத்தமா வாசிச்சாங்க. அடுப்ப அணைச்சுட்டு எழுத உக்காந்துட்டேன். அது வெறும் பூ இல்லடி! உப்புப் போட்ட புளிச்ச மோர்ல ரெண்டு நாள் ஊறவெச்சுக் காயவெச்சது. போன இடத்துல நாக்கு செத்துக் கிடக்கியோ என்னமோ, நெய்ல வறுத்துச் சோத்துல பெசஞ்சு தின்னட்டும்னு செஞ்சேன். ஆராய்ச்சிக்குன்னு ஒரு வார்த்தை எழுத வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா? இப்போ கிருமி செத்தது உன் பூவுக்கா என் மோருக்கா, யாரு கண்டா?

லெட்டர் வெக்காதது கோவத்துல இல்ல. என்ன எழுதுறதுன்னு தெரியல.

பாலச்சந்திரனுக்குத் தை மாசம் கல்யாணம். விருதுநகர்ப் பொண்ணு. உனக்குப் பத்திரிகை அனுப்பலாமா, நீ சங்கடப்படுவியான்னு யோசனையா இருக்கு.

வேதநாயகி


போபோடி
2.1.1998

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நான்காம் நாள் மேடத்துக்கு வரி வரியாக ஹிந்தியில் சொன்னேன். கொழுக்கட்டையை மோதக் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கருத்தரங்குக்கு எழுதினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெறும் உப்பு மோரையும் தட்டில் வைத்துப் பார்த்தோம். பதினேழு மில்லிமீட்டர்.

மிச்சப் பூ இனி ஆராய்ச்சிக்கு உதவாது. ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாக உட்கார்ந்து, நெய்யில் வறுத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது, அண்ணி.

பத்திரிகை அனுப்புங்கள். எனக்குச் சங்கடம் இல்லை. கல்யாணத்தன்று எனக்குப் பரீட்சை இருந்தாலும், பத்திரிகையில் என் பெயர் எழுதியிருந்தால் போதும்.

மோர் படாத புதுப்பூவில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இங்கே ரயில் பாதை ஓரம் வேம்பு நிறைய இருக்கிறது, பங்குனியில் பூக்கும், அதையே எடுத்துக்கொள் என்றார் மேடம். இல்லை, எங்கள் வீட்டு மரத்துப் பூதான் வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். காரணத்தைத் தமிழில் சொல்லிவிட்டு, ஹிந்தியில் லீவு கேட்டேன்.

இந்த முறை பூவைப் பார்சலில் அனுப்ப வேண்டாம். பங்குனியில் நானே வந்து பொறுக்கிக்கொள்ளட்டுமா, அண்ணி?

மீனு