பஸ் தள்ளுகிற பாட்டு

வீடு
ஜூன் 3

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சௌகரியம். எல்லோரும் என்றால் நானும் அப்பாவும்தான். நீ சௌகரியமாக இருக்கிறாய் என்பதைச் சுவரொட்டி பார்த்துத் தெரிந்துகொண்டோம். 'இசை' என்று போட்டு உன் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "முதுகுல தண்ணி ஊத்திக்கக்கூட நேரம் இருக்காது அவளுக்கு" என்றார்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நீ இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை "ஒரு நிமிஷம்டா" என்கிறாய். அந்த ஒரு நிமிஷத்தில் யாரிடமோ ஒரு மெட்டைப் பாடிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து "ம், அப்புறம்?" என்கிறாய். கடிதத்தில் குறுக்கே பாட முடியாது.

காது கிளினிக்கில் எப்போதும் போலத்தான். ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்கிறேன். போன வாரம் அப்பாவையும் உட்கார வைத்தேன். நான் சத்தமே கொடுக்காதபோதும் அழுத்தினார். "கேக்காமலே ஏம்பா அழுத்தறீங்க?" என்றேன். "நீ பாவம், காத்துக்கிட்டே இருக்கியேன்னு அழுத்தினேன்" என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் கடைசியில் ஆற்றங்கரை மைதானத்தில் நிகழ்ச்சி. இந்த முறை நம் இசைக்குழுதான் கடைசி. நமக்குப் பிறகு யாரும் இல்லை, கூட்டம் நமக்காகத்தான் காத்திருக்கும். இதற்காக எத்தனை வருஷம் அடுத்தவர்கள் வருவதற்கு முன்னால் வெயிலில் வாசித்திருக்கிறோம்! ஊருக்கெல்லாம் மச்சானான நம் மச்சான் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிவிட்டான். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஒத்திகை ஷெட்டுக்கு வந்து பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொள்கிறாள். நடுவில், என் டிரம்ஸுக்கு முன்னால், உன் மைக் ஸ்டாண்ட் மட்டும் தனியாக நிற்கிறது. டீச்சர் அதில் கைப்பையை மாட்டத் தொடங்கிவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

நீ வருவாயா, மாட்டாயா? ஒரே வார்த்தையில் எழுது.

தம்பி

ஸ்டுடியோ
ஜூன் 11

என் அருமை டமாரம்,

வருவேன். ஒரே வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். தலையே போனாலும் வருவேன். டீச்சரிடம் பையை எடுக்கச் சொல்.

இங்கே என் பிழைப்பைக் கேள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. எந்த மெட்டைப் போட்டாலும் டைரக்டர் கண்ணை மூடிக் கேட்கிறார். கேட்டு முடித்ததும், "ரொம்ப நல்லா இருக்கு, ஆனா இது இல்ல" என்கிறார். எது என்று அவருக்கும் தெரியாது. ஸ்டுடியோவின் கம்பளத்தில் நான் நடந்து நடந்து ஒரு தடம் விழுந்திருக்கிறது. முதல் படம் ஓடியபோது தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இரண்டாவது படுத்ததும் என் ஃபோன் கெட்டுப்போய்விட்டதோ என்று நானே எனக்கு ஃபோன் செய்து பார்த்தேன். இந்தப் படமும் போனால் என்னைக் கூப்பிட ஆள் இருக்காது. பயமாக இருக்கிறதடா. மேடையில் ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்லை.

ஆனால் நேற்று ஒரு பாட்டு ஓகே ஆகிவிட்டது. மெட்டைப் பாடிக் காட்டும்போது வாய்க்கு வந்த சொற்களைச் சும்மா போட்டுப் பாடுவோமே, பாட்டெழுதுகிறவர் பிறகு நல்ல சொற்களை வைத்துக்கொள்வார் என்று. அப்படி ஏதோ போட்டுப் பாடினேன். மனுஷர் துள்ளிக் குதித்துவிட்டார். மற்றதை நேரில் சொல்கிறேன்.

அப்பாவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல். பொய்தான், இருந்தாலும் சொல்.

உன் அக்கா

வீடு
ஜூன் 17

அக்கா,

நேரில் சொல்ல வேண்டிய சிரமம் உனக்கு வேண்டாம். மச்சான் சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை கிட்டார் வாசிக்க உன் ஸ்டுடியோவுக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறாய். அதற்கு மறுநாள் ஒத்திகைக்கு வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் கம்பியையே முறுக்கிக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டால், "புதுசா கத்துக்க எனக்கு அங்க ஒண்ணும் இல்லடா, தெரிஞ்ச பாட்டுதான்" என்றான். படத்தில் ஹீரோவும் கூட்டாளிகளும் நின்றுபோன பஸ்ஸை ஆடிக்கொண்டே தள்ளுகிறார்களாமே. 'தள்ளு! ரோடு தொறந்துதான் இருக்கு!' என்று பாடுகிறார்களாமே.

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. மழைக்காலத்தில் நம் வாசல் கதவு உப்பிப்போய் இறுகிக்கொள்ளும். வருகிறவர்கள் பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தட்டிக்கொண்டே நிற்பார்கள். எழுந்து வர முடியாத அந்தக் கடைசி மாதங்களில் அம்மா கட்டிலில் இருந்தபடியே கத்துவாள், "தள்ளு! தொறந்துதான் இருக்கு!" என்று. தபால்காரர் வந்தாலும் அதேதான், டாக்டர் வந்தாலும் அதேதான். அவள் போன பிறகு அதை வைத்து நான் சொல் எழுதினேன், நீ மெட்டுப் போட்டாய். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அதில்தான் முடித்தோம். எங்கேயும் பதிவு செய்யக் கூடாது என்று சொன்னதும் நீதான்.

வாய்க்கு வந்த சொல்லா அக்கா அது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எனக்கு வயிறு எரிகிறது. இதற்கு மேல் எழுதினால் மரியாதை கெட்டுவிடும்.

தம்பி

ஸ்டுடியோ
ஜூன் 24

டமாரம்,

திட்டு. நன்றாகத் திட்டு. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

அன்றைக்கு ஐந்து மெட்டைத் தள்ளிவிட்டார்கள். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், டைரக்டர் ஜன்னலைப் பார்க்கிறார். என்னிடமோ ஆறாவது மெட்டு இல்லை. அந்த நேரத்தில் வாயில் எது வரும்? அதுதான் வந்தது. திட்டம் போட்டுச் செய்யவில்லை. பாடி முடித்த பிறகுதான் என்ன பாடினேன் என்றே எனக்கு உறைத்தது. அப்போது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். "இது வேற பாட்டு, தெரியாம பாடிட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அவள் எனக்கும் அம்மாதான். அதை நீ ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை. நம் பாட்டை இதுவரை கேட்டவர்கள் யார்? ஒலிபெருக்கிக்காரர், மச்சானின் சொந்தக்காரர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள். இப்போது ஊர் உலகமே கேட்கும். பஸ் தள்ளட்டுமே, என்ன போயிற்று? அம்மா இருந்திருந்தால் முதல் நாள் முதல் காட்சிக்குப் போய் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

என் குரலிலேயே வரட்டும் என்று டைரக்டர் சொல்லியிருக்கிறார். ஹீரோ பாட்டுக்குப் பெண் குரல், புதுசாக இருக்குமாம். பாட்டெழுதியவர் பெயரோடு உன் பெயரும் திரையில் வரும், அதை நான் சண்டை போட்டு வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் படப்பிடிப்பு. நீ சரி என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வேறு மெட்டு போடுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு போடுவேன், சத்தியமாக. ஆனால் வேண்டாம் என்று சொல்லாதேடா.

அக்கா

வீடு
ஜூலை 1

அக்கா,

எடுத்துக்கொள். என் பெயர் மட்டும் வேண்டாம். நான் எழுதியது அந்தப் பாட்டை இல்லை.

ஆகஸ்டில் நீ வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது, இது அதற்குப் பிறகு யோசித்துச் சொல்வது. நீ பாட, பின்னால் நான் கம்பை ஓங்கும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வரும். அப்படி வாசிக்க எனக்குத் தெரியாது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். மச்சானுக்கும் டீச்சருக்கும் சொல்லிவிட்டேன். டீச்சர் அழுதாள்.

அப்பாவிடம் உனக்கு வேலை என்று சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டால் நீயும் அதையே சொல்.

தம்பி

ஸ்டுடியோ
ஆகஸ்ட் 9

டமாரம்,

உன் கடிதத்துக்கு ஐந்தாறு முறை பதில் எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிடப் பார்க்கிறேன்.

பாட்டு வெளியாகிவிட்டது, நீயும் கேட்டிருப்பாய். கேட்காமல் தெருவில் நடக்க முடியாது. அதில் என் குரல் இல்லை என்பதையும் கவனித்திருப்பாய். ஹீரோ வாயசைக்கிற இடத்தில் பொம்பளைக் குரல் வந்தால் ரசிகர்கள் தியேட்டரைக் கொளுத்திவிடுவார்களாம், தயாரிப்பாளர் சொன்னார். பெரிய பாடகரை வரவழைத்தார்கள். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான். இசையமைப்பாளர் நான்தானே. எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், 'தள்ளு'வை எப்படி அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அருமையாகப் பாடினார். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பாட்டு பெரிய வெற்றி. ஃபோன் ஓயவில்லை. மூன்று பட வாய்ப்பு வந்திருக்கிறது, எல்லோருக்கும் இன்னொரு 'தள்ளு' வேண்டுமாம். இத்தனைக்கும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாயைத் திறந்து பாட எனக்கென்று ஒரு பாட்டு இருந்தது. அதை இப்போது நான் எங்கே போய்ப் பாடுவேன்?

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மைதானத்துக்கு வரட்டுமா? பழைய சொற்களோடு, பழையபடி, ஒரே ஒரு தடவை.

அக்கா

வீடு
ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஷெட்டில் வைத்துத்தான் படித்தேன். மச்சானும் படித்தான். "பாவம்டா" என்றான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பெரிய பாடகருக்கு நீயே சொல்லிக்கொடுத்தாய் என்ற இடத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

ஆனால் ஒரு பெண் வந்துவிட்டாள். எங்கள் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிறவள். அவள் கூப்பிட்டால் காது கேட்காதவரே எழுந்து வருவார், அந்தக் குரலுக்காகத்தான் பிடித்துப் போட்டேன். முதல் நாள் வந்து, "எனக்கு அந்த பஸ் பாட்டு நல்லா வரும்ணா, அதைப் பாடட்டுமா?" என்றாள். நான் எரிந்து விழுந்தேன். அவள் பயந்துபோய் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன தெரியும்? பிறகு டீச்சர் நம் சொற்களை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள், அம்மாவைப் பற்றியும் சொன்னாள். அவள் பாடினாள். உன்னைப் போல இல்லை, வேறு மாதிரி. நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "சினிமா பாட்டை அப்படியே காப்பி அடிச்சிட்டீங்களேப்பா!" என்று பாராட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்குக் கோபித்துக் கடிதம் எழுதிய பிறகு முதல் தடவையாக அன்றுதான் சிரித்தேன்.

அதனால், பாட வராதே. அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி உன்னிடம் தர என்னால் முடியாது. ஒரே ஒரு தடவைக்குக்கூட முடியாது. இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

ஆனால் வா. கீழே கூட்டத்தோடு நில். அப்பாவுக்கு ஓரத்தில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், அவரைப் பார்த்துக்கொள். மேடைக்குப் பின்னால் மட்டும் வந்துவிடாதே, அந்தப் பெண்ணுக்குக் கை கால் உதறிவிடும்.

தம்பி

ஸ்டுடியோ
ஆகஸ்ட் 31

என் அருமை டமாரம்,

வந்தேன். உன்னிடம் சொல்லாமல் திரும்பியும் விட்டேன். அப்பா சொல்லியிருப்பார்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனேன். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. எல்லோரும் என்னை இடித்துத் தள்ளினார்கள். ஒருத்தன் என் காலை மிதித்துவிட்டு, "சாரிக்கா" என்றான். கடைசிப் பாட்டு தொடங்கியதும் அவனே கூட்டாளியிடம், "சினிமா பாட்டுடா, வார்த்தைய மட்டும் மாத்திட்டாங்க. ஆனா இது சூப்பரா இருக்கில்ல?" என்றான். அவன் சட்டையைப் பிடித்து உண்மையைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. விட்டுவிட்டேன். சூப்பர் என்று சொல்கிறானே, போதும்.

அந்தப் பெண் நன்றாகப் பாடுகிறாள். இரண்டாவது சரணத்தில் அவசரப்படுகிறாள், மெதுவாகச் சரியாகிவிடும். அவளைத்தான் பார்க்க வேண்டும் என்று வந்தேன். பார்க்கவில்லை.

உன்னைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பாடியிருக்கிறேன், ஒரு பாட்டிலும் பின்னால் திரும்பியதில்லை. மேடையில் என் கண் கூட்டத்தின் மேல், ஷெட்டில் வாசல் மேல். வீடியோ எடுத்தாலும் கேமரா என்னைத்தான் பார்க்கும். உன் அடி என் முதுகில் விழும், அது விழுகிறதா என்று மட்டும்தான் எனக்குக் கவலை. நீ வாசிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யோசித்துப் பார், தெரியவே தெரியாது.

நீ பாடுகிறாய். முன்னால் மைக் கூட இல்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாயைத் திறந்து பாடுகிறாய். 'தள்ளு' என்ற இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கத் தலையைத் தூக்கிக் கத்தினாயே, அது அப்படியே அம்மா முகம். கட்டிலில் இருந்து வாசலைப் பார்த்துக் கத்துகிற அதே முகம். எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. நானும் கத்தினேன். கூட்டத்தோடு கூட்டமாகத் தொண்டை கிழியக் கத்தினேன்.

மைக் அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும். நான் இனிமேலும் கீழேதான் நிற்பேன், மேடைக்கு இடது பக்கமாக. அங்கிருந்து பார்த்தால் டிரம்ஸின் சிம்பல் தட்டு உன்னை மறைக்கவில்லை.

அக்கா