கிளட்ச் இல்லாத வண்டி

14.7.2002, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து, மனைவி ஸ்டெல்லா வாங்கிய கியரில்லாத ஸ்கூட்டரை, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சிறுமலைக்கு ஓட்டினேன். “இம்புட்டூண்டு எஞ்சின் ரெண்டு பேர இழுக்குமா?” என்று கேட்டவனும் நான்தான். வளைவில் கியரைக் குறைக்கும் பழக்கத்தில், கிளட்ச் என்று நினைத்து இடது கைப்பிடியை இறுக்கினேன். இந்த வண்டியில் அது பிரேக். மேட்டில் அப்படியே நின்றுவிட்டோம்.

“ஏங்க, பின்னாடி உக்காருங்க. அதுவே பாத்துக்கிரும்,” என்றாள்.

ஏறியது! உள்ளே பெல்ட் ஓடும் கப்பிகள் மேட்டுக்குத் தக்கபடி தாமே விரிந்து சுருங்குகின்றன. எஞ்சின் திணறவில்லை, சின்னதே போதும். எந்த மூளையில் உதித்ததோ!

நாளை முதல் மலைப் பள்ளிக்கு வேலைக்குத் தனியாகவே போகிறாளாம். தடுக்க என்னிடம் மிஞ்சியிருந்தது அந்த மேடு ஒன்றுதான். அதையும் ஏறிவிட்டாள்.