ஈரக் கைக்கு நிற்காத இயந்திரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். ஆலைகளில் வேலை செய்பவர்களுக்குத் திரையில் பாடம் தயாரிக்கிறாயே, அந்த வேலையில் உனக்கு உயர்வு கிடைத்ததைப் படித்துவிட்டு அப்பா பக்கத்து வீடு வரை கேட்கும்படி சத்தம் போட்டார். அவர் இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் நான் பக்கத்தில் நின்று மிரட்டினால்தான் மருந்து உள்ளே போகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது, போனில் சொல்ல வாய் வரவில்லை.

என்னோடு மருத்துவமனைத் துணிகளுக்கு இஸ்திரி போடும் வாயாடியை உனக்குத் தெரியுமே, சின்ன வயதில் நீ காய்ச்சலில் கிடந்தபோது சிரிக்க வைத்தே பால் குடிக்க வைத்தவள். போன மாதம் புது இயந்திரம் வந்தது. சூடான உருளைகளுக்கு நடுவே ஈரப் போர்வையை விட்டால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் வரும். பழையதில் வயிற்றுக்கு நேரே ஒரு கம்பி இருந்தது, இடித்தாலே நின்றுவிடும். இதை நிறுத்தக் கண்ணாடித் திரையில் ஒரு சிவப்பு வட்டம்தான். சொல்லித்தர ஆள் வரவில்லை, டேப்லெட்டைக் கொடுத்துப் பாடம் பார்க்கச் சொன்னார்கள். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வட்டத்தைத் தொடுவாள், இயந்திரம் நிற்கும். கேள்விகளில் வாயாடிக்குத்தான் முழு மார்க், அன்றைக்கு முழுக்கத் தன்னை டீச்சர் என்று கூப்பிடச் சொல்லி எங்களைப் பாடாய்ப் படுத்தினாள்.

அடுத்த வாரம் போர்வை சுருண்டு அவள் வலது கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. இடது கையால் வட்டத்தைத் தொட்டாள், தட்டினாள், குத்தினாள், ஈரக் கைக்கு அந்தத் திரை மசியவில்லை. நான் ஓடிப்போய்த் தொட்டேன், என் கையும் ஈரம். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் நடந்ததைச் சொன்னேன். மேலாளர் குரலைக்கூட உயர்த்தவில்லை, "கையைத் துடைச்சிட்டுத் தொடணும்னு பாடத்துலயே இருக்கேம்மா, அவங்க சரியாத்தானே பதில் போட்டிருக்காங்க" என்றார். இருந்தது உண்மைதான். உருளைக்குள் ஒரு கை இருக்கும்போது இன்னொரு கையை எதில் துடைப்பது என்று யாரும் கேட்கவில்லை, கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். இப்போது பாடத்தில் அந்த வரி பெரிய எழுத்தில் வருகிறது, இயந்திரம் அப்படியேதான் இருக்கிறது. கடைசியில் 'புரிந்தது' என்பதைத் தொட்டால்தான் உள்ளே விடுவார்கள், நானும் தொட்டேன். திட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், நான் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போதுதான், "உன் பொண்ணு இந்த மாதிரி பாடம்தானே பண்றா, இதையும் அவதான் பண்ணாளா?" என்று கேட்டாள். கோபமே இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். சேச்சே, அவ இல்லடி என்று சொல்லிவிட்டேன். தெருவுக்கு வந்த பிறகுதான், எந்த இயந்திரத்துக்குப் பாடம் பண்ணுகிறாய் என்று உன்னை நான் ஒரு நாளும் கேட்டதே இல்லை என்பது உறைத்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் எரிய எரிய வேலை பார்க்காதே. ஒரு குறையும் உன்னை அண்டாமல் நீ நன்றாக வாழ வேண்டும். அந்தப் பாடம் உன்னுடையது இல்லை என்று மறக்காமல் ஒரு வரி எழுது. உன்னுடையதாக இருந்தாலும் எழுது.

எப்போதும் உன் நல்லதையே நினைக்கும்
அம்மா