மூன்றரை யானை

பவுலினா,

ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் இறைத்தேன், களி கிண்டினேன், சவரம் செய்துகொண்டேன். இப்போது பர்கூர் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். களி அடுப்படியில் மூடியிருக்கிறது.

மாலையில் நம் கணக்குக் கழகத்து மேதைகள் ஆறு பேரும் வருவார்கள். உன் அண்ணி கரும்பலகையில் எழுதிவிட்டுப் போன சானமாவுக் காட்டு யானைக் கணக்குக்கு, இரண்டு மாதமாக மூன்றரை யானை என்றே விடை சொல்கிறார்கள். கணிதத்தில் பட்டம் வாங்கிய எனக்கும் மூன்றரைதான் வருகிறது. காட்டில் அரை யானையை யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை.

நேற்று நீ ஈரத்துணியோடு பலகையருகே போனதும் கத்தினேன், முன்னறையைப் பூட்டினேன். "அண்ணி எழுதினா தப்பு சரியாயிடுமாண்ணா?" என்று கேட்டாய். பத்தாவது படிக்கிறவளுக்கு எவ்வளவு அறிவு!

சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது. பலகையை நீயே துடைத்துவிட்டு வேறு கணக்கு எழுது. இந்த முறையாவது யானைகள் முழுசாக இருக்கட்டும்.

அண்ணன்

பின்குறிப்பு: உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் ஏற்றும்போது உன் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சொன்னது இதுதான்: "அந்த யானைக் கணக்குல ஏதோ தப்பு இருக்குதுங்க. பசங்க வர்றதுக்குள்ள அழிச்சிருங்க."