உப்புப் பார்க்காத மீன்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று என்னை, கஸ்டமர் பார்க்கச் சமைக்கும் முன்பக்கக் கண்ணாடிச் சமையலறையிலிருந்து பின் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

துபாயில் இந்தக் கத்தலான் கடையை, ஸ்பெயின் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையை, மொன்செ அம்மா திறந்த நாளிலிருந்து அடுப்பு என் கையில். அவர் ஊர்க் கிராமத்துச் சாப்பாடு முழுவதும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊரோடு போகும்போது, "இனி இது உன் அடுப்பு, அழகுமலை" என்றார். அவரிடம் கடையை வாங்கிய முதலாளி ஸ்ரீகாந்த் சார் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அதே சார் இன்று சொல்கிறார்: "தப்பா எடுத்துக்காதீங்க. கத்தலான் சாப்பாடுன்னா கஸ்டமர் அந்த ஊர் முகத்தை எதிர்பாக்கறாங்க. சமையல் உங்களுதுதான். முன்னாடி மார்த்தின் நிக்கட்டும்."

மார்த்தின் அர்ஜென்டினாக்காரன்! போன மாதம் வரை ஏதோ ஹோட்டலில் ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தவன். வெள்ளைத் தோல் போதுமாம். சார் கோயம்புத்தூர்க்காரர், என் பாஷை பேசுகிறவர், வாய் கூசாமல் சொல்கிறார்.

அக்டோபர் 17, வெள்ளி

தக்காளி ரொட்டிக்குத் தக்காளியை வட்டம் வட்டமாக நறுக்குகிறான் மார்த்தின். சுட்ட ரொட்டியில் பாதித் தக்காளியை வைத்துத் தேய்க்க வேண்டும், சாறு இறங்கியதும் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். "மாஃபி, மாஃபி!" என்று இந்த ஊர் அரபியில் 'இல்லை, இல்லை' எனக் கத்தினேன். சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். அவனுக்குக் கோபமே வராதா? அவன் பங்கும் சேர்த்து எனக்கு வருகிறது.

அக்டோபர் 22, புதன்

கந்த சஷ்டி விரதம் தொடங்கியது. சூரசம்ஹாரம் வரை மீனோ கறியோ நாக்கில் படக்கூடாது. சமைக்கலாம், ருசி பார்க்க முடியாது. வழக்கம்போல அந்த வேலை உதவியாள் சுரேஷ்குமாருக்கு.

அக்டோபர் 25, சனி

காட் மீன் கருவாடு. உப்பு இறங்கத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, கடைசியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். நான் மோந்து மட்டும் பார்த்தேன். "சுரேசு, உப்பு எப்படி?" "சரியா இருக்குண்ணே." கத்தரிக்காய், குடைமிளகாய் வதக்கலில் போட்டு அனுப்பினேன்.

முன் மேசைக் குடும்பம் துப்பிவிட்டது. வாயில் வைக்க முடியாத உப்பு. சார் மார்த்தினை அத்தனை பேர் முன்னால் வைத்துக் கத்தினார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு, "என் தவறு" என்றான்.

ஏன்டா சொன்ன? யாருடா கேட்டா உன்ன?

சுரேஷ்குமார் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதான். "நானும் சஷ்டிண்ணே. புள்ள வரம் வேணும்னு. இருங்கன்னு ஊர்லேருந்து வீட்டுக்காரி போன்ல சொன்னா. வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நீங்க மோந்து பாத்தீங்கல்ல, சரியாத்தான் இருக்கும்னு..."

ஓங்கி ஒன்று விடலாம் போல் இருந்தது. விரதம் இருக்கிறவனை எப்படி அடிப்பது? நானும் விரதம். இரண்டு விரதத்துக்கு நடுவில் ஒரு மீன் நாசமாய்ப் போனது.

மார்த்தினை நிறுத்தப்போகிறாராம் சார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கண்ணாடிப் பக்கம் மறுபடி எனக்குத்தான். மூடிக்கொண்டால் என்ன?

அக்டோபர் 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "சார், அது என் மீன். ருசி பாக்காம அனுப்புனது நான்." சுரேஷ்குமார் பெயரை எடுக்கவில்லை.

சார் போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "இருக்கட்டுங்க. கஸ்டமர் உங்களப் பாக்கலையே, அவனத்தானே பாத்தாங்க? அவன் போகட்டும். இத்தாலிக்காரன் ஒருத்தன் வர்றான்."

நல்ல பெயர்தான் எனக்கில்லை என்று நினைத்திருந்தேன். என் தப்பையும் பிடுங்கிட்டாரே! தப்பு செய்யக்கூட இந்த மூஞ்சி லாயக்கில்லையா?

மார்த்தின் பெட்டியோடு நின்றான். சஷ்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "என்னைக் கேட்டிருக்கலாமே, நான் எல்லாம் தின்பேன்" என்றான். கேட்டிருக்கலாம். அவனோடு பேசுவதே கேவலம் என்றல்லவா நான் திரிந்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

சூரசம்ஹாரம். விரதம் முடிந்தது, கோபம் முடியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இத்தாலிக்காரன் வந்துவிட்டான். "கத்துக் குடுங்க" என்றார் சார். தக்காளி தேய்க்க ஒழுங்காகவே கற்றுக்கொடுத்தேன். அவன் மேல் என்ன கோபம்?

மத்தியானம் அல் ஐன் ஊரிலிருந்து மார்த்தின் போனில் பேசினான். நண்பனோடு சின்னக் கடை போடுகிறானாம், அடுப்புக்கு ஆள் வேண்டுமாம். "முன்னால் யார் நிற்பது?" என்று கேட்டேன். முன், பின் என்று பிரிக்க அங்கே இடமில்லையாம். அடுப்பே வாசலில்தானாம்.

சாயங்காலம் நோட்டீஸ் கொடுத்தேன். சார் முகம் வெளுத்தது. "நீங்க போனா கஸ்டமருக்கு என்னங்க சொல்றது?"

"அவங்க என்னப் பாக்கலையே சார். போனது எப்படித் தெரியும்?"

சுரேஷ்குமாரிடம் சொன்னேன், அடுத்த சஷ்டிக்கு அவன் யாரிடமும் ஒளிக்காமல் விரதம் இருக்கட்டும். எனக்கு ருசி பார்க்க மார்த்தின் இருக்கிறான்.